பெயிண்டர் முழுங்காத மாத்திரை

இந்த வருஷமும் யானைக்கால் மாத்திரையை முழுங்குவதில்லை என்று பெயிண்டர் முடிவு கட்டிவிட்டார். மலையே புரண்டாலும் மாறாத முடிவு. மனைவி பக்கத்தில் இல்லாதபோது அவர் எடுக்கிற முடிவுகள் எல்லாமே அப்படித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பஸ் நிலையத்துச் சுவரில் ஆளுயரக் கொசுவையும் வீங்கிய காலையும் வரைந்து, 'மாத்திரையை முழுங்குவோம், யானைக்காலை விரட்டுவோம்' என்று எழுதியதே அவர்தான். கொசுவுக்கு மீசை வேறு வைத்திருந்தார். அந்த மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய், கண்ணெதிரே முழுங்க வைத்து, விரலில் மை வைத்துவிட்டு வருகிறவள் அவருடைய சொந்தப் பெண்டாட்டி. ஊருக்குத்தானே உபதேசம்.

கசப்புக்கு அவர் பயப்படவில்லை. "உடம்புல யானைக்கால் புழு இல்லாதவங்களுக்கு அனேகமா ஒண்ணும் ஆகாது. இருந்துச்சுன்னா, அது சாகும்போது கொஞ்சம் காய்ச்சல் வரும், சரியாப் போயிடும்" என்று மனைவி யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. அதுதான் வினை. கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் அவருக்கு இடது கால் கனத்தது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. ஏணியில் நிற்கிற வேலை, வேறென்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் அவருடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசிவரை அந்த மனுஷன் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு செருப்பும் காலில் ஏறவில்லை. மாத்திரை போட்டுக் காய்ச்சல் வந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தெரியாத வியாதி இல்லாத வியாதி என்பது பெயிண்டரின் வைத்தியம்.

"என்னங்க, சாப்பிட்டாச்சுல்ல, மாத்திரை போட வாங்க."

"நான் பஸ் ஸ்டாண்ட்லயே போட்டுட்டேனே. அங்க ஒரு அம்மா குடுத்தாங்க."

விரலை நீட்டினார். நகத்தோரமாக ஊதா பெயிண்ட்டை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்திருந்தார். செய்கிறது திருட்டு வேலையானாலும் தொழில் சுத்தம்.

அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"நல்லதாப் போச்சு. என்கூட ஒரு நடை வாங்க."

"எதுக்கு?"

"சைக்கிள் கடைக்காரர் மாட்டேங்கிறாரு. உங்க வீட்டுக்காரர் முதல்ல போடட்டும்கிறாரு. அவரைப் பாத்துட்டு அந்தக் கடை வரிசையே கையைக் கட்டிக்கிட்டு நிக்குது."

பெயிண்டர் போனார். போகாமல் எப்படி இருப்பது?

"நிசமாவே போட்டீங்களாண்ணே?" என்றார் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர்.

"விரலைப் பாருப்பா."

"தலை சுத்தலையா?"

"எனக்கா? நேத்தைக்கு இன்னைக்குத் தெம்பா இருக்கேன்."

"காய்ச்சல்?"

"பக்கத்துல வரலை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பெயிண்டர் அன்றைக்குப் பூசணித் தோட்டத்தையே மறைத்தார். சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அவர் திறந்ததும் வரிசை முழுக்கத் திறந்தது. மனைவி ஒவ்வொரு விரலிலும் மை வைத்துக்கொண்டே வந்தாள், புருஷனை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிள் கடைக்காரர் போர்வையும் கையுமாக வந்து நின்றார்.

"காய்ச்சல்ண்ணே. உள்ள புழு இருந்திருக்கும், அது சாகுதுன்னு அண்ணி சொல்றாங்க. வெளிய ஒண்ணுமே தெரியலை பாருங்க. நீங்க சொல்லலைன்னா இந்த வருஷமும் தட்டிக் கழிச்சிருப்பேன்." பெயிண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி கொதித்தது. "ஒருத்தர் விட்டாலும் போச்சாமே. அவரைக் கடிச்ச கொசு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுமாம். எனக்கு சின்னப் பிள்ளைங்க. நல்லா இருக்கணும்ண்ணே நீங்க."

பெயிண்டர் மெல்லக் கையை உருவிக்கொண்டார். தன் வீட்டுக்கு அடுத்த வீடு எது? சைக்கிள் கடைக்காரர் வீடுதான். பெயிண்டருக்கு அவமானமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு முதல் தடவையாக அவமானம் பயத்தை ஜெயித்தது.

மனைவி கொல்லையில் சாக்கடை அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் பூனை மாதிரி போய் அவளுடைய பையைத் திறந்தார். மாத்திரைகளை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார். பிறகு கட்டிலில் நீட்டிப் படுத்து, வருகிறது வரட்டும் என்று காத்திருந்தார்.

வந்தது. முதலில் காது சுட்டது. அப்புறம் மின்விசிறி நின்று கூரை சுற்றியது. இடது காலில் புழுக்கள் குடும்பத்தோடு உயிரை விடுவது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

"இங்க வா. என்னை மன்னிச்சிடு."

அவள் ஈரக் கையோடு வந்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். பெயிண்ட்டை, பொய்யை, பெரியப்பாவை, காலை.

"உடம்பு அனலாக் கொதிக்குது, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். "பானைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கு. எதை எடுத்து முழுங்கினீங்க?"

"உன் பையில இருந்ததை."

"அது என் முழங்காலுக்கு வாங்கின கால்சியம் மாத்திரை."

மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"காலையில சைக்கிள் கடைக்காரர் பேசிட்டுப் போனதுல இருந்து உங்க கண்ணு பையைச் சுத்தியே வந்துச்சு. வெறும் வயித்துல திருட்டுத்தனமா முழுங்கிட்டு எங்கயாவது விழுந்து வைப்பீங்கன்னு மாத்தி வச்சேன். விரல்ல வைக்கிற மை பெயிண்ட் தின்னர் வாசம் அடிக்குமா என்ன?"

"அப்ப நேத்தே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். இடது செருப்பு வாரை மட்டும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கீங்களே. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. இது ஆரம்பம். தினம் கழுவித் துடைச்சுப் பாத்துக்கிட்டா பெருக்காம வச்சுக்கலாம். சாயங்காலம் டாக்டரைப் பார்க்கிறோம்."

பெயிண்டர் தலையாட்டினார். மனதில் இருந்த கனம் இறங்கினது என்னவோ உண்மை.

அவள் சாதம் போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, அசல் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்தாள். மெல்லுவதை மென்றார், முழுங்குவதை முழுங்கினார். தண்ணீரைக் குடித்துவிட்டு, மைக்காக விரலைக் கம்பீரமாக நீட்டினார்.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

"இன்னுமா நம்பலை? நான் உன் புருஷன்."

"அதனாலதாங்க. நல்லாத் தூக்குங்க."