இடுப்பில் கூடை வைத்த சீமாட்டி

விளம்பரத் தொழிலில் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் தேயிலையைப் பற்றிக் கொழுந்து பறிப்பவர்களிடமே போய்க் கதை அளக்கக் கூடாது. நான் அளந்தேன். அதுவும் டை கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் அளந்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். மேலாளருக்குப் பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஊருக்கு ரயில். அவர் கோட்டைக் கழற்றாத கொழும்புத் தமிழர். நேர்முகத்தில் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். "தோட்டத்தில இருக்காங்க சார்" என்றேன். தோட்ட ஆபீசில் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. (அப்பா போன பிறகு அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதைச் சொல்ல அன்று வெட்கம். இன்று அந்த வெட்கத்தை நினைத்தால் வெட்கம்.)

முதல் வேலையே பாக்கெட் தேயிலையை மலைநாட்டில் விற்பது. அதற்காகக் கொழும்பு ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்திருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு சீமாட்டி, கூடையைக் குடம் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் மல்லிகை கிள்ளுவது மாதிரி கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ மலைநாட்டு ஆள். சரியா இருக்கா, பார்" என்றார் மேலாளர்.

கூடையைக் கயிற்றால் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. "அருமை சார்" என்றேன்.

விளம்பர வண்டி உடப்புசல்லாவைப் பக்கம் கிளம்பியது. பட்டியலில் முதல் தோட்டமே எங்கள் தோட்டம். தலையெழுத்து என்பது இதுதான். என் பேச்சைக் கேட்க மேலாளரும் கூடவே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. தினமும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடிவிட்டது. நான் வண்டியில் ஏறிப் படத்தை விரித்துத் தொங்கவிட்டேன். "தாய்மார்களே! கொழுந்து எப்படிப் பறிக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று முழங்கினேன்.

"தெரியாதுங்க தொர, கொஞ்சம் சொல்லிக் குடுங்க!" என்றது ஒரு பெண் குரல். களம் குலுங்கியது.

"ஏன்டி, இவ தண்ணிக்கில்ல போறா?"

"பட்டுச்சேலைக்குள்ள அட்டை ஏறாதாக்கும்!"

கங்காணி தன் பங்குக்கு, "ஒத்தக் கையில எடுக்கிற ஆளு நம்ம மலைக்கு வேணாங்க" என்றார். மேலாளரின் முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு அம்மா வந்தார். என்னைத் தெரியாத மாதிரி போய்விட வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். ஒரு சாமியும் கேட்கவில்லை.

"டேய் ராசு, அவங்களுக்குத் தெரியாது, சரி. ஒனக்குமா தெரியாது? இந்தக் கூடையாலதானேடா நீ டை கட்டியிருக்க!"

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "யாரு இவங்க?"

வாய்க்குள் இரண்டு பொய் தயாராக இருந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா சார். இங்க கொழுந்து எடுக்கிறாங்க" என்றேன். கையிலிருந்த மைக்கை நான் மறந்தே போனேன். அந்த வாக்கியம் எதிர்மலை வரை போய்த் திரும்பி வந்தது.

"அப்போ படம் தப்புன்னு ஒனக்குத் தெரியும்?"

"தெரியும் சார்."

"எறங்கு கீழ."

வேலை போய்விட்டது என்றே இறங்கினேன். அவரோ என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் போய், "எப்பிடி எடுக்கிறதுன்னு காட்டுறீங்களாம்மா?" என்றார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு, பாதையோரத்துச் செடியில் இரண்டு கையையும் ஓடவிட்டார். கை நிறைந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே வீசினார். ஒரு கொழுந்து வெளியே விழவில்லை. மேலாளர் வண்டியிலிருந்த கேமராவை எடுத்துப் படம் பிடித்தார். என் தாயை அவ்வளவு பெருமையோடு அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த மாதம் ஹட்டன் முதல் பட்டிப்பொல வரை கடைச் சுவர்களில் அம்மா தொங்கினார். சீமாட்டி குப்பைக்குப் போனாள். எனக்கு மட்டும், மறைத்த குற்றத்துக்காக, நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. (தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் அந்தப் பாக்கெட்டை ஒருவரும் வாங்கவில்லை. படத்தை மட்டும் கேட்டு வாங்கினார்கள்.)

அந்தத் தொழிலிலேயே இருந்து தலை நரைத்துவிட்டது. இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், பேத்தி ஒரு டம்ளரை என் வாய்க்கு நேரே நீட்டி, "தாத்தா, அத மைக்குல சொல்லுங்க பாப்போம்!" என்கிறாள். வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். மைக்கில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த விளம்பரம், மைக்கை மறந்து நான் சொன்ன அந்த உண்மைதான்.