பதினேழு மீட்டர் பட்டமும் என் கல்யாணமும்

கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை: பட்டம் வாங்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

என் அம்மா எதையும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவாள். யூனிஃபார்ம், செருப்பு, கிறிஸ்துமஸ் கவுன் எல்லாமே. கேட்டால் "வளர்ற பொண்ணு" என்பாள். நான் ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கோவளத்தில் கைட் சர்ஃபிங் வகுப்புக்குப் போன வயதிலும் அவளுக்கு வளர்ற பொண்ணுதான். (வளர்வதை நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டது எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்கே தெரியும்.)

பெரிய பட்டத்தை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு அது. இரண்டே வகுப்பு முடிந்திருந்தது. அதற்குள் சொந்தப் பட்டம் வேண்டும் என்று எனக்குத் திமிர். மாஸ்டர் தெளிவாகச் சொன்னார்: "உன் வெயிட்டுக்கு ஒன்பது மீட்டர் போதும்மா. காத்து பலமா இருந்தா அதுவும் ஜாஸ்தி. தனியா மட்டும் விட்டுடாத."

பழைய பட்டங்கள் விற்ற கடையில் ஒன்பது மீட்டரும் இருந்தது, பதினேழு மீட்டரும் இருந்தது. இரண்டும் ஒரே விலை. அம்மா புடவைக் கடை மாதிரி இரண்டையும் விரித்துப் பார்த்தாள்.

"இன்னாடி, அதே விலைக்கு இவ்ளோ துணி ஜாஸ்தி கீது! சின்னத வாங்கினா ரெண்டு வருஷத்துல பத்தாம பூடும்."

கம்பெனியில் அரை மில்லிமீட்டர் கூடினால் பார்ட்டை ரிஜெக்ட் பண்ணும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் நான். அன்று எட்டு மீட்டர் கூடுதலைப் பாஸ் பண்ணினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேனியலின் அம்மா என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. டேனியல் என் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். அவனைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. அவன் அம்மாவுக்கு என்னைப் பிடித்தால்தான் ஆகும். சும்மா இருந்திருக்கலாம். "மூணு மணிக்கு எங்க ஊர் ஏரிக்கரைக்கு வா, நான் பறக்கிறத பாரு, அப்புறம் வூட்டுக்குப் போலாம்" என்று அவனை அழைத்தேன். அவன் தனியாக வருவான் என்று நினைத்தேன். தன் அம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆடிக் காற்று. ஏரியில் முழங்கால் தண்ணீர். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு என் அம்மா பட்டத்தின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, கர்த்தரை வேண்டிக்கொண்டு கையை விட்டாள்.

பலகையில் நான் ஏறவே இல்லை. பட்டம் கிளம்பியது, கூடவே நானும். இழுத்தால் கைப்பிடியை விட்டுவிட வேண்டும், விட்டால் பட்டம் பலம் இழந்துவிடும் என்பதுதான் முதல் பாடம். ஆனால் கையில் இருக்கும் பார்ட்டைக் கீழே போட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிப் பழகிய கை எப்படி விடும்? இன்னும் இறுக்கினேன். அது இன்னும் வேகமாக இழுத்தது. சேறு, ஆகாயத்தாமரை, இரண்டு எருமைகள் என்று எல்லாவற்றையும் தாண்டிக் குப்புறப் போனேன். எதிரே கருவேல முள்.

கரையில் ஓடிவந்த அம்மா கத்தினாள்: "கெட்டியா புடிச்சிக்கோடி!"

அவளுக்குப் பின்னால் இன்னொரு குரல்: "கைய வுட்டுடும்மா! வுட்டுடு!"

விட்டேன். பட்டம் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. தலையில் பாசியும் வாயில் சேறுமாக எழுந்து நின்று, குரல் கொடுத்த டேனியலின் அம்மாவிடம் "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்றேன். டேனியல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். பிறகு என் அம்மாவிடம், "நான் சொன்ன ஒடனே வுட்டுட்டா பாருங்க. பேச்சு கேக்கிற பொண்ணு. எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

அந்த ஏரிப் பக்கம் இப்போது போனாலும் பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாதான் கண்ணில் நிற்கிறாள். அன்றைக்குப் போல் நான் அவமானப்பட்டதில்லை. அன்றைக்குப் போல் சந்தோஷப்பட்டதும் இல்லை.

அந்தப் பட்டம் எங்கள் பரணில் இருக்கிறது. விற்கலாம் என்றால் அம்மா விடுவதில்லை. "பேத்தி வளர்ந்தா சரியா இருக்கும்" என்கிறாள். என் மாமியாருக்கு வேறு குறை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்கிறார்:

"இவ என் பேச்ச கேட்டது அன்னிக்கு ஒரு நாள்தாங்க!"