மூன்று இடத்தில் ஒரே கையெழுத்து

ஒரு காட்டில், பாதி மரங்களைப் பெஞ்சாக்கிய பிறகு, ஒரு பள்ளிக்கூடம் நன்றாகவே நடந்து வந்தது. அங்கே மங்கையர்க்கரசி என்ற நத்தை நாலு கோடு நோட்டில் கூட்டெழுத்து சொல்லிக்கொடுத்தாள். எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து, நடுவில் தூக்காமல் எழுத வேண்டும். அவள் ஊர்ந்தாலே அப்படித்தான் வரும். தூக்க நினைத்தாலும் முடியாது.

அந்த வருஷம் பதினாறு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. கூடவே டைப்பிங் சாராக மகிபாலன் என்ற குரங்கும் வந்தார். கை கால் நாலாலும் அடித்தார்.

"டீச்சர், நீங்க ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள என் பசங்க கட்டுரையே அடிச்சிடுவாங்க."

மங்கையர்க்கரசி ஓட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே போன பிறகுதான் அவளுக்கு நல்ல பதில் தோன்றும். வெளியே வருவதற்குள் மணி அடித்துவிடும்.

தலைமை ஆசிரியர் தணிகாசலம் என்ற கரடி கூட்டம் போட்டார்.

"கையால எழுதினாத்தான் மனசுல நிக்கும்" என்றது ஒரு மான்.

"பரீட்சையே கம்ப்யூட்டர்லதான். மனசுல நின்னு என்ன செய்ய?" என்றது ஒரு முயல்.

கை தூக்கச் சொன்னார்கள். நத்தையால் தூக்க முடியவில்லை. கூட்டெழுத்து வகுப்பை மூடிவிட்டு டீச்சரை அனுப்பிவிடுவது என்று தீர்மானமாயிற்று.

அந்தத் தீர்மானத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் காட்டுக் கல்வித்துறையின் இணையதளத்தில் ஏற்றாவிட்டால் கம்ப்யூட்டர்கள் திரும்பப் போய்விடும். படிவத்தில் மூன்று இடத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

கரடி போட்டார். முதலாவது தேனடை மாதிரி இருந்தது. இரண்டாவது நகக்கீறல். மூன்றாவதில் தாளே கிழிந்தது. தாளைப் படமெடுத்து ஏற்றினால், 'பொருந்தவில்லை' என்றது திரை. பதினோரு முறை அதையே சொன்னது. மகிபாலனும் முயன்று பார்த்தார். நாலு கைக்கும் நாலு விதமாக வந்தது.

மத்தியானமே பையோடு கிளம்பிய நத்தை இன்னும் வாசற்படியைத் தாண்டியிருக்கவில்லை. நாலே முக்காலுக்குக் கரடி அவளிடம் ஓடி வந்தார்.

"டீச்சர், கொஞ்சம் போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"உங்க கையெழுத்தையா, சார்? என்னை அனுப்புற தாள்லயா?"

"உங்களை விட்டா வேற யாருக்கு வரும்?"

பத்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் பாராட்டு அது. அவளுடைய இரண்டு கொம்பு நுனியிலும் கண் கலங்கிவிட்டது. மூன்று இடத்திலும் ஊர்ந்தாள். மூன்றும் அச்சு அசல்.

திரை பச்சையானது. 'ஏற்கப்பட்டது. தலைமை ஆசிரியருக்கு இனி இந்தக் கையெழுத்து மட்டுமே செல்லும்.'

கரடி அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

தீர்மானப்படி டீச்சர் வேலை போய்விட்டது. இப்போது மங்கையர்க்கரசி தலைமை ஆசிரியர் மேஜையில் இருக்கிறாள். சம்பளப் பட்டியலோ மாற்றுச் சான்றிதழோ, அவள் ஊர்ந்தால்தான் நகரும். போன வாரம் மகிபாலன் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு, அழகாக டைப் செய்து கொண்டுவந்தார். இந்த முறை அவளுக்குப் பதில் சரியான நேரத்தில் தோன்றியது.

"கையால எழுதிட்டு வாங்க, சார். சேர்த்து எழுதணும். அவசரமே இல்ல."

நீதி: பிள்ளைகளுக்கு டைப்பிங்கே போதும். மேலதிகாரியின் கையெழுத்தை அழகாகப் போட மட்டும் பள்ளிக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை வேலையைவிட்டு நீக்கிய பிறகு வைத்துக்கொள்வது உத்தமம்.