டிக்கா, ஒண்ணா?

ஓட்டுச்சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சட்டசபைப் படிகளில் இறங்கும்போதுதான் வாத்தியாருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. வேட்பாளர் பெயருக்கு நேராக ‘1’ என்று எழுதினோமா, டிக் அடித்தோமா?

எழுதினது ஞாபகம் இருந்தது. என்ன எழுதினோம் என்பதுதான் ஞாபகமில்லை. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு, தாளைப் பார்த்தால் கை தானாக டிக் அடிக்கும். ஒருமுறை கல்யாணப் பத்திரிகைக்கே டிக் அடித்துக் கொடுத்தவர் அவர்.

அந்த நாட்டில் ஜனாதிபதியை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் வாத்தியார் போன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நாடாளுமன்றத்தாரும் எல்லா மாநிலச் சட்டசபைக்காரர்களும் சேர்ந்து ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். மாநிலத்தின் ஜனத்தொகையைப் பொறுத்து ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வாத்தியாரின் ஒரு சீட்டு நூறு ஓட்டுக்குச் சமம். எண்ணைத்தான் எழுத வேண்டும், டிக் போட்டால் செல்லாது என்று கட்சிக் கொறடா வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் கொறடாவின் கையெழுத்து கோணலாக இருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வாத்தியார்.

முதல் ஆளாக ஓட்டுப் போட்டிருந்த கட்சித் தலைவரோ, தன் மாநிலத்தில் ஒரு ஓட்டுகூடச் சிதறாது என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சிதறடித்தவன் அன்றைக்கே கட்சியை விட்டு வெளியே போவான் என்றும் சொல்லியிருந்தார். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர். கட்சி கைவிட்டால் அடுத்த முறை நிற்க இடம் கிடைக்காது. பள்ளிக்கூடமும் திரும்பக் கூப்பிடாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் ஒரு காகிதத்தில் இரண்டு பெயரை எழுதி, யோசிக்காமல் ஓட்டுப் போடச் சொன்னாள். போட்டார். டிக்! மறுபடி போடச் சொன்னாள். ஒன்று விழுந்தது. மூன்றாவது தடவை மறுபடி டிக்.

“ஏங்க, இதுக்கு மேல நான் உங்களை நம்புறதா, உங்க கையை நம்புறதா?” என்றாள்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் கொறடாவுக்குப் போன் போட்டு, ஏதோ பொது அறிவுக்குக் கேட்பது போல, யாராவது தவறி டிக் போட்டிருந்தால் அதைச் சரி செய்ய வழி உண்டா என்று கேட்டார்.

எதிர்முனையில் கொறடாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

“யாரு போட்டது வாத்தியாரே?”

“ஒரு சிநேகிதர்...” என்று வாய் குழறியது. போனை வைத்த பிறகுதான், தானே வலியப் போய்த் தலையைக் கொடுத்தது அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் ஓட்டுகளை எண்ணினார்கள். கட்சி வேட்பாளர் ஜெயித்துவிட்டார். ஆனால் இந்த மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு செல்லாமல் போயிருந்தது. எதிர்க்கட்சி ஓட்டு அத்தனையும் கணக்காக விழுந்திருந்ததால், குறைந்தது இந்தப் பக்கம்தான் என்று தெரிந்துபோனது. அடுத்த நிமிஷமே கொறடா போன் போட்டார். அந்தச் சிநேகிதர் பெயர் வேண்டும் என்றார்.

பயத்தில் வாத்தியாருக்கு முதலில் நினைவுக்கு வந்த முகம், சபையில் பக்கத்தில் உட்காரும் சைக்கிள் கடைக்காரர். அவர் பெயரைச் சொல்லிவிட்டார். சொன்ன வாயை அப்போதே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

இருவரையும் உடனே தலைவர் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் தன் காரிலேயே வாத்தியாரையும் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக அவர் கொதித்துக்கொண்டே வந்தார்.

“எந்தப் பாவியோ என்னை மாட்டிவிட்டிருக்கான். ஆள் மட்டும் கிடைக்கட்டும், சக்கரத்துல கட்டிச் சுத்திடறேன். நீங்க படிச்சவங்க, எனக்காகத் தலைவர்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

வாத்தியார் தலையாட்டினார். கழுத்து தானாக ஆடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

தலைவர் வீட்டுக் கூடத்தில் கட்சி மொத்தமும் சுவரோடு சுவராக நின்றது. இருமல் வந்தவர்கள்கூட விழுங்கிக்கொண்டார்கள். மேஜையின் ஓரத்தில், ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து வரவழைத்த கிளார்க் ஒருவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கட்சியிலிருந்து நீக்கும் கடிதம் தயாராக இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

கொறடா சைக்கிள் கடைக்காரரின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். பெரிய உருவம் கொண்ட அந்த மனிதர் வாத்தியாரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வாத்தியாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அவர் இல்லீங்க தலைவரே. நான்தான். பழக்க தோஷத்துல டிக் போட்டுட்டேன்.”

சைக்கிள் கடைக்காரர் வாயைப் பிளந்தார். கொறடா வாத்தியாரின் பெயரை எழுதிக் கடிதத்தை நீட்டியதும், தலைவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் சரசரவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அவ்வளவுதான், முப்பது வருஷமும் ஒரு தேர்தலும் போயிற்று.

தலைவர் கிளார்க்கின் பக்கம் திரும்பினார். மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும், டிக் போட்டதால் செல்லவில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

கிளார்க் பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். “டிக் எதுவும் இல்லீங்க. ஒண்ணுன்னு அழகா எழுதியிருந்துச்சு. ஆனா சீட்டுக்கு அடியில கையெழுத்துப் போட்டிருந்தாங்க. போட்டது யாருன்னு தெரிஞ்சா ஓட்டு செல்லாதுங்க.”

“கையெழுத்தா? யாரோட கையெழுத்து?”

கிளார்க் பதில் சொல்லப் பயந்து கூடத்தையே ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, மேஜை மேல் மை காயாமல் கிடந்த கடிதத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இதே கையெழுத்துதாங்க.”