எழுபது நாள் சாரின் கோபம்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எழுபது நாள் சாரிடம் திட்டு வாங்காத ஆண்பிள்ளை யாராவது இருந்தால், அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவர்தான் டெக்னீஷியன். நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை.

குழந்தை இல்லை என்று விந்துப் பரிசோதனைக்கு வருகிற ஆண்களிடம் அவர் முதலில் கேட்பது, எழுபது நாளைக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதுதான். ஆணின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய எழுபது நாள் ஆகும். இன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் தெரிவது அன்றைக்கு ஆரம்பித்த வேலை. இதை அமைதியாகவே சொல்லலாம். அவர் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிப்பார். ஜுரம் வந்ததா, குடித்தாயா, எத்தனை நாள் குடித்தாய், யாரோடு குடித்தாய்? பயந்துபோன ஒருவன், மச்சானோடு சேர்ந்து ஆடு திருடியதைக்கூட ஒப்புக்கொண்டான். அதையும் ரிப்போர்ட்டில் அடிக்கவா என்று நான் கேட்டதற்கு எனக்கும் திட்டு விழுந்தது.

அவருக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வருவது, மருமகளை மட்டும் இழுத்துக்கொண்டு வரும் மாமியார்களைப் பார்த்தால்தான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, உன் பிள்ளை எங்கே என்பார். அவனுக்கென்ன, ஆம்பளை என்று பதில் வந்தால் தீர்ந்தது, அப்படியானால் உன் கையை நீட்டு என்று ஊசியோடு மாமியார் பக்கம் திரும்பிவிடுவார். மூன்று பேர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறார்கள். லேப் முதலாளி மாதத்துக்கு ஒரு தடவை அவரை வேலையை விட்டு நிறுத்துவார். மைக்ராஸ்கோப் பார்க்க வேறு ஆள் கிடைக்காமல் மறுநாளே கூப்பிட்டுக்கொள்வார்.

லேபில் சிரித்துக்கொண்டிருந்த நான் வீட்டுக்குப் போனால் சிரிக்க முடியாது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. எனக்கு ஸ்கேன், கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படம், ரத்தம் என்று எல்லாமே பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. என் வீட்டுக்காரரை மட்டும் யாரும் விந்து பிடிக்கிற டப்பாவைத் தொடச் சொல்லவில்லை. நான் சொன்னதற்கு, என்னையே சந்தேகப்படுகிறாயா என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவருடைய அம்மா, என் அத்தை, என்னைத் தெருக்குழாயடியில் மலடி என்று சொல்ல ஆரம்பித்து, கடைசியில் தென்னேரிப் பக்கம் மகனுக்கு இன்னொரு பெண்ணும் பார்த்துவிட்டார். என் அப்பாவும் அண்ணன்களும் பேச வந்தார்கள். என்ன பேசினார்கள்? பொறுத்துக்கொள், அனுசரித்துப் போ என்று எனக்குச் சொன்னார்கள். சாப்பிட்டார்கள், பஸ் ஏறினார்கள்.

மறுநாள் ஒரே சர்க்கரை ரிப்போர்ட்டை நாலு தடவை தப்பாக அடித்தேன். என்ன என்று சார் கேட்டார், சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைப்பையில் டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அவன கூப்புடு. டப்பாவ ரொப்பி குடுத்தா போறேன். இல்லன்னா இங்கியேதான் குந்திக்கினு இருப்பேன்."

உட்கார்ந்தும் விட்டார். அரைமணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர், வந்ததுதான் வந்தீர்கள் என்று சர்க்கரை பார்க்க விரலை நீட்டினார். சார் கோபம் குறையாமலே குத்திவிட்டார்.

அத்தை தலைமுடியை முடிந்துகொண்டு வெளியே வந்தார். "யோவ், இன்னாய்யா இது? களர் நெலம் அவ. எம்புள்ளைய இன்னாத்துக்கு சோதிக்கிற?"

"இந்தாம்மா, இவளோட முட்டையெல்லாம் இவ அம்மா வவுத்துல கீறப்பவே உண்டாயிடுச்சி. பொறக்கும்போதே எடுத்துக்கினு வந்துட்டா. உம்புள்ள அப்டி இல்ல, தெனம் புதுசா செஞ்சிக்கினே இருக்கணும். தெனம் வேல செய்யற எடத்துலதானே மொதல்ல பாக்கணும்?"

கூட்டத்தில் ஒரு அக்கா, அதுவும் சரிதானே என்றாள். அதற்கு மேல் என் வீட்டுக்காரரால் உள்ளே இருக்க முடியவில்லை. மானம் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பரிசோதனைக்கு முன்னால் சில நாள் மனைவியை விட்டு விலகி இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஏற்கெனவே ஐந்து நாளாக என்னோடு கோபித்துக்கொண்டு தனியாகத்தான் படுத்திருந்தார். அந்தக் கவலை இல்லை.

கதவிடுக்கு வழியாக வந்த டப்பா ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், உடம்புச் சூடும் ஆறக்கூடாது. சார் டப்பாவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். பஜாரில் ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"வழி வுடுங்கடா, இங்க ஒரு குடும்பமே போயிக்கினு கீது" என்று அவர் போட்ட சத்தத்தில் பேண்டு வாத்தியம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை, நாள் முழுக்க பாய்லர் பக்கத்தில் நிற்பார். சார் அவரை லேபுக்கு வரவழைத்தார்.

"ஆண்டவன் அந்த விதைய ஒடம்புக்கு வெளியில எதுக்கு தொங்கவுட்டான்? அதுக்கு சூடு ஆவாதுன்னுதான். நீ அத நெல்லோட சேத்து அவிச்சிக்கினு கீற."

டாக்டரும் இதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். வீட்டுக்காரர் மூட்டை எடை போடும் பக்கம் மாறிக்கொண்டார். தென்னேரிப் பேச்சு அடங்கியது. எழுபது நாள் கழித்துப் பார்த்தபோது எண்ணிக்கை ஏறியிருந்தது, அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். பெண்ணா என்று அத்தை ஆஸ்பத்திரியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்த சார், ஆணா பெண்ணா என்பதும் உன் பிள்ளை அனுப்பிய அணுவைப் பொறுத்ததுதான், போய் அவனைக் கேள் என்று வார்டே அதிரக் கத்தினார். நர்ஸ் அவரைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள்.

என்னை மலடி என்று சொன்னதற்கு இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சார் கண் மங்கி வேலையை விட்டுவிட்டு, ஓரிக்கையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு ஒரு குடும்பமே இருந்தது. எனக்காகக் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான். இப்போதெல்லாம் எனக்காக நானே கோபப்பட்டுக்கொள்கிறேன். என்ன இருந்தாலும், அவர் வந்து கோபப்படுகிற மாதிரி வராது.