மஹபூப் பாஷா வாசலில் நான் இருந்த உண்ணாவிரதம்

பட்டினி கிடந்து சாவது என்று ஒரு சனிக்கிழமை முடிவு செய்தேன். காரணம், சாமுவேல் பி.ஏ.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் கூலிவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து பட்டம் வாங்கியவன் சாமுவேல். அவனோடு இன்னும் இரண்டு பேர். மூவரும் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, தோல் ஊறும் தொட்டியில் இறங்கியிருந்தார்கள். சென்னையில் தோல் ரசாயனம் கற்றுக்கொடுக்கும் ஒரு வருடப் பயிற்சி இருந்தது. முடித்து வந்தால் மேஸ்திரிக்கு மேலே நாற்காலி. ஆனால் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். சென்னையில் சாப்பிடவும் வேண்டும். மார்கழி பிறப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

ஆகவே 'பட்டதாரிகள் தொழிற்பயிற்சி நிதி' பிறந்தது. தலைவர், காரியதரிசி, பேச்சாளர், சுவரொட்டி ஒட்டுபவர் எல்லாம் நான்தான். திருப்பத்தூர்ப் பக்கம் இருபது நாள் தொண்டை வறளப் பேசினேன். அந்தச் சனிக்கிழமை இரவு ஊர் திரும்பியபோது வசூல் மூன்று ரோஜா மாலை, ஒரு வாழ்த்துப்பா.

நான் பதினோரு துண்டுப் பிரசுரம் எழுதியவன். அவற்றில் மூன்றைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. மற்ற எட்டையும் பறிமுதல் செய்யவில்லையே என்பதுதான் இன்றுவரை என் குறை. என் மேடையில் விளக்குப் பிடித்தவர்கள் இன்று முனிசிபல் கௌன்சிலர்கள். இரண்டு முறை ஜெயிலுக்குப் போன எனக்கு மிஞ்சியது மூட்டுவலி.

இனி யாரிடமும் கேட்பதில்லை, பிடுங்குவது. யாரிடம்? ஊரிலேயே பெரிய தோல் ஷாப் முதலாளி மஹபூப் பாஷாவிடம்.

"தேவகி, பாஷா வாசலில் நாளை முதல் உண்ணாவிரதம்," என்றேன்.

என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கேவா?"

"நாளைக்கே. தொழிலாளியின் ரத்தத்தை உறிஞ்சியவன் நிதியைக் கக்கும்வரை."

"ரொம்ப நல்லதுங்க."

இருபத்தாறு வருட இல்வாழ்க்கையில் அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"சாகும்வரை," என்றேன், அழுத்தமாக.

"சாவறது எதுக்குங்க? அது நாலு நாள்ல முடிஞ்சிரும். உங்களுக்குப் பித்தம் வேற ஜாஸ்தி. நான் சொல்றதைக் கேளுங்க. பொழுது விடியறதுக்கு முந்தி நல்லா சாப்ட்டுப் போய்டுங்க. பகல் பூரா பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது. பொழுது சாஞ்சதும் வந்து சாப்டுங்க."

"இது இன்னா உண்ணாவிரதம்?"

"மாசக்கணக்குல தாங்கும்ங்க."

நீண்டகாலப் போராட்டம். எனக்கே தோன்றாத தந்திரம். என்னோடு வாழ்ந்து அவளுக்கும் அரசியல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்படியே மௌனவிரதமும் சேத்துக்குங்க."

"பேச்சுதானே என் ஆயுதம்?"

"உங்க பேச்சு இந்த ஊருக்குப் பழகிப்போச்சுங்க. நீங்க பேசாம குந்தினு இருந்தாத்தான் ஊரே பேஜாராவும்."

கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஷா வாசலில் பாயை விரித்தேன். கோரிக்கையைச் சிலேட்டில் எழுதவில்லை; அது ஊருக்கே தெரியும் என்பது என் நம்பிக்கை. நிமிர்ந்து பஜாரைப் பார்த்தேன். டீக்கடை மூடியிருந்தது. பிரியாணிக் கடைக்காரர் அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டார். இருபது வருடம் கூட்டம் போட்டும் ஒரு வெற்றிலைப் பாக்குக் கடையை மூடவைக்க முடியாதவன் நான். இன்று வாயைத் திறக்காமலே பஜாரை மூடிவிட்டேன்.

வாசல் காவல்காரர் நாள் முழுக்க ஒரு பீடி பற்றவைக்கவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து மார்பில் கைவைத்துத் தலை குனிந்துவிட்டுப் போனார். 'ஒற்றுமை வாழ்க' என்று சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினேன்.

பொழுது சாயும் நேரம் உள்ளேயிருந்து ஓர் ஆள் சுடச்சுடக் கஞ்சி கொண்டுவந்தான். லஞ்சம். 'கஞ்சிக்கு விலைபோகேன்' என்று எழுதிக் காட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அந்தக் கஞ்சி நன்றாக மணத்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"தேவகி, ஹர்த்தால். ஒரு டீக்கடை திறக்கவில்லை."

"ஆமாங்க, பாதி ஊரு பட்டினி கெடக்குது."

"எனக்காக."

"வேற யாருக்காக? ரசம் ஊத்தட்டா?"

அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. திங்கள், செவ்வாய் அப்படியே கழிந்தன. கடைகள் திறக்கவில்லை, கஞ்சி வருவதும் நிற்கவில்லை.

புதன்கிழமை மாலை மஹபூப் பாஷாவே வெளியே வந்தார். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், மறு கையில் பேரீச்சம்பழம். என் பாயிலேயே உட்கார்ந்தார். முதலாளி வர்க்கம் தரைக்கு இறங்கிவிட்டது என்று மனத்துக்குள் பன்னிரண்டாவது பிரசுரத்தைத் தொடங்கினேன்.

"கோதண்டராமன் சார், நாலு நாளா உள்ளேர்ந்து பாத்துக்கினு இருக்கேன்," என்றார். "எங்க ஆளுங்கள்லயே ரெண்டு பேரு ஒளிஞ்சு ஒளிஞ்சு டீ குடிக்கிறானுங்க. நீங்க மதமே வேணாம்னு புஸ்தகம் போட்டவரு. எங்க ரம்ஜான் நோன்பை இவ்ளோ சுத்தமா புடிக்கிறீங்களே. மனசு நெறஞ்சிபோச்சு."

பலப்பம் கையிலிருந்து விழுந்தது.

இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு ரம்ஜான் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வருவது. நாள் பார்ப்பது மடமை என்று பிரசுரம் போட்டவன் வீட்டில் காலண்டர் ஏது? திருப்பத்தூர் மேடையில் நின்ற எனக்கு என் குரலைத் தவிர வேறெதுவும் காதில் விழவும் இல்லை.

குனிந்து பலப்பத்தைத் தேடி எடுத்து, 'நிதி?' என்று எழுதினேன்.

"அது போன வெள்ளிக்கிழமையே குடுத்தாச்சே. உங்க வூட்டம்மா வந்து எங்க சம்சாரம் அஃப்ஸர் ஜஹான்கிட்ட சொன்னாங்க. நோன்பு மாசத்துல படிப்புக்குன்னு கேட்டா இல்லைன்ற பேச்சே எங்க வூட்ல கெடையாது. மூணு பசங்களும் திங்கக்கிழமை மெயில்ல பட்டணம் போய்ட்டானுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

வாயைத் திறந்தேன். பாஷா அதில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே கர்ஜித்தேன். நாலு பகல் சேர்த்துவைத்த குரல்.

"என்னை ஏமாற்றிவிட்டாய்."

"ஏமாத்தலைங்க. வெள்ளிக்கிழமை பணம் வந்துச்சு. சனிக்கிழமை நீங்க வந்து, ரத்தம், உறிஞ்சல்னு ஆரம்பிச்சீங்க. அதை அந்த மனுசன் வாசல்ல போய்ப் பேசியிருந்தா பணம் வந்த வழியே போயிருக்கும். சாமுவேலு ஆத்தா அன்னிக்குத்தான் மகனுக்குத் துணி மூட்டை கட்டிக்கினு இருந்தா. பசங்க ரயில் ஏறுற வரைக்கும் உங்க வாயைக் கட்டணுமே. பாதி ஊரு வாயைக் கட்டியிருந்துச்சு. உங்களையும் அதுல சேத்துவிட்டேன்."

நியாயம் இருந்தது. அதனால் கோபம் அதிகமாயிற்று. ஆனால் இருபது வருடம் சர்க்காரையே குறுக்கு விசாரணை செய்தவன் நான். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"பையன்கள் திங்கட்கிழமையே போய்விட்டார்கள். செவ்வாயும் புதனும் நான் எதற்குப் பட்டினி கிடந்தேன்? சொல்."

கேட்டுவிட்டு வெற்றியோடு சுவரில் சாய்ந்து கையை ஊன்றினேன். எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க ஈரச் சுண்ணாம்பு.

"ரெண்டு ஆள் வெச்சு வூட்டுக்கு வெள்ளையடிக்கிறேங்க," என்றாள் தேவகி. "நீங்க இங்க இருந்தா, கூலி கம்மின்னு சொல்லி அந்த ரெண்டு ஆளுங்களையும் ஸ்ட்ரைக்ல எறக்கிடுவீங்க. நேத்து உள்ரூம், இன்னிக்குக் கூடம் ஆச்சு, உங்க கண்ணுலதான் படலை. நாளைக்கு அடுப்பங்கரை ஒண்ணுதான் பாக்கி. விடியறதுக்கு முந்தி எழுப்பட்டுமா?"