முனாப்பின் கொப்பியில் பிழையே இல்லை

முனாப்பின் கொப்பியில் ஒரு பிழைகூட இல்லை. செசிலியா மிஸ்ஸுக்குப் பிரச்சினையே அதுதான்.

கண்டியில் இரும்புக்கடையில் நிற்கிற முனாப், கட்டாருக்குப் போக இங்கிலிஷ் படிக்கிற நாற்பது வயது மனுஷன். மிஸ் கேட்ட மூன்று வசனத்தையும் எழுதியிருந்தான்: ‘ஐ ஹேவ் நோபடி டு டோக் டு. ஐ ஹேவ் நோபடி டு ஈட் வித். ஐ ஹேவ் நோவெயார் டு கோ டு.’

வகுப்பே விழுங்கிவிடுகிற அந்தக் கடைசி ‘டு’வும் ‘வித்’தும் சொன்ன இடத்தில் நின்றன. ஆனால் கதைக்க ஆளில்லை, கூட இருந்து சாப்பிட ஆளில்லை, போக இடமில்லை என்று ஒரு மனுஷன் எழுதினால் அதற்குச் சரி போட யாருக்குக் கை வரும்?

“முனாப், வீட்டில ஏதும் கரைச்சலோ?”

முனாப் நிலத்தைப் பார்த்தான். “ஒரு விஷயம் செல்லோணும் மிஸ். பொறகு செல்றேன்.”

சண்டையால் யாழ்ப்பாண ரயில் நின்று ஏழு மாசம். ஊருக்குப் போக வழியில்லாத மிஸ்ஸுக்கு வகுப்புத்தான் கதி. சும்மா இருப்பாளா? ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கந்தையாவைப் பிடித்தாள்.

“ஐயா, அந்தாளோட கொஞ்சம் கதையுங்கோ. பாவம்.”

கந்தையாவுக்கு வாய் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. கடைக்குப் போய், தந்தி அடித்த காலத்திலிருந்து தொடங்கி மூன்று மணித்தியாலம் கதைத்தார். வியாபாரம் படுத்தது. முதலாளி முனாப்பை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஐயோ, உள்ள வேலையும் போச்சே என்று மிஸ் முதலாளியிடம் ஓடினாள்.

“ஹாஜியார், கோபிக்காதேங்கோ. அவருக்கு உலகத்தில ஒருத்தருமில்லை. தனிச்ச மனுஷன்.”

முதலாளி தொப்பியைக் கழற்றினார். “ஒருத்தருமில்லையா? அப்ப என்ட மகளும் ஆறு புள்ளைகளும் ஆரு?”

முதலாளிதான் மாமனார் என்று, மூன்று மணித்தியாலம் கடையில் இருந்த கந்தையாவாவது சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை முனாப் வகுப்புக்கு வரவில்லை. மாதாவே, ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனே என்று மிஸ் கொப்பியையும் தூக்கிக்கொண்டு முனாப் வீடிருக்கிற வத்தேகமவுக்குப் பஸ் ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில் ஆமி செக்கிங். இறங்கி ஏறும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வசனத்தை மனப்பாடம் செய்தாள்.

முனாப் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள், மச்சான்மார், மாமிமார். கதவடியில் முனாப்பின் மனைவி றம்ஸியா. மிஸ்ஸைக் கண்டதும் முனாப் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான்.

“தங்கச்சி, பிழை என்னிலதான். ஆனா இதைப் பாருங்கோ. இப்பிடி எழுதினா நான் என்னெண்டு நினைக்கிறது?”

றம்ஸியா கொப்பியை வாங்கிப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது அவர்ட வசனமில்ல மிஸ், நீங்க போர்ட்ல எழுதி எழுதி அழிச்சதுகள், அதப் பாத்த நாள்லருந்து உங்களச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வெக்கப்பட்டுக்கொண்டு ஈக்கிறார், வாங்க உள்ளுக்கு, சோறு ஆறுது.”